உழைப்பும் மூப்பும்: ஒரு பாஸ்பேட்டின் வரலாறு

திருவேங்கட மலையின் அடிவாரத்தில் அலிபிரி என்னும் இடம் இருக்கின்றது. பண்டைத் தமிழ் நூலார் தமிழகத்தின் வடவெல்லையாகக் குறித்த வேங்கடம் இம்மலையே. 2022-ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்விடம் இப்போது திருப்பதி மாவட்டத்தில் அடங்கும். மலைமேற் செல்லும் படிவழி இங்கிருந்தே தொடங்குகின்றது. மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நடை. பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, ஊர் திரும்பும் காலத்து இவ்வழியே ஏறி இறைவனை வணங்கிவிட்டுத்தான் பிற அலுவல்களைப் பார்க்கின்றன. படிதோறும் மஞ்சளும் குங்குமமும் இட்டுச் செல்வோரும் உளர். இளைஞர் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறிவிடுகின்றனர். எழுபது வயதானவர் பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குகின்றார். இருவர் உடலிலும் இருப்பவை ஒரே வகைத் தசைகளே. அவ்வாறாயின் இந்த வேறுபாடு எவ்வாறு வந்தது? தசை எதனால் இயங்குகின்றது? மூப்பு அதனை எவ்வாறு தளர்த்துகின்றது? இவ்வினாக்களுக்கு விடை தேடிய வரலாற்றில் சென்னை மாகாணத்திற்கும் ஒரு பங்கு உண்டு. அதனையே இங்கு நாம் காணவிருக்கின்றோம்.

முதலில் ஒரு சிறு கணக்கினைப் பார்ப்போம். அலிபிரியிலிருந்து திருமலை ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அவ்வுயரத்திற்குத் தம் உடலைத் தூக்கிச் செல்லுதற்கு வேண்டிய வேலையை உணவின் அலகிற் சொன்னால், சற்றேறக்குறைய 100 கலோரி ஆகும். தசையானது தான் பெறும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றவல்லது. எஞ்சியது வெப்பமாய்ப் போகும். ஆகவே 400 கலோரி அளவு செலவாகும் என்னலாம். இது சில இட்டிலிகளின் ஆற்றல்தான். ஆயினும் இட்டிலி நேரே தசையை இயக்குவதில்லை. இடையிலே ஒரு நாணயம் தேவைப்படுகின்றது. அந்நாணயத்தின் பெயர் அடினோசின் டிரைபாஸ்பேட். சுருங்கக் கூறின் ஏ.டி.பி. மூன்று பாஸ்பேட்டுத் தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட சிறு பொருள் இது. கடைசிப் பாஸ்பேட்டு கழலும்போது வெளிப்படும் ஆற்றலே நம் காலைத் தூக்கி அடுத்த படியில் வைக்கின்றது. உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.டி.பி. மிகச் சொற்பம், கடும் உழைப்பில் அது சில நொடிகளுக்கே போதும். ஆதலின் செலவான நாணயம் கணந்தோறும் மீண்டும் அச்சிடப்பட வேண்டும். ஒரு மனிதன் ஒரு நாளில் இவ்வாறு புதுக்கிப் பயன்படுத்தும் ஏ.டி.பி.யின் மொத்த அளவு அவனுடைய உடலெடைக்கு ஏறக்குறைய நிகராகும் என்று கணக்கிடுவர்.

இப்பொருளைக் கண்டறிந்தோருள் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் கோதாவரிக் கரைப் பகுதியிலுள்ள பீமவரத்தில் பிறந்தவர். தாய்மொழி தெலுங்கு, கல்வி வளர்ந்ததோ சென்னையில். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முறையே மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். மாநிலக் கல்லூரியிலும், பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் கற்றார். காந்தியடிகளின் அறைகூவலை ஏற்றுக் கதராடையோடு அறுவைக் கூடம் சென்றமையால் ஆங்கிலப் பேராசிரியரின் மனக்கசப்புக்கு ஆளானார் என்றும், அதனாலேயே எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல் அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். தகுதியோடு அமைய வேண்டியதாயிற்று என்றும் அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். அவருடைய உடன்பிறந்தார் இருவர் ஸ்ப்ரூ எனும் குடல்நோய்க்கு இரையாயினர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிற் சிறிது காலம் ஆசிரியராக இருந்தபின், 1920-களின் தொடக்கத்தில் மாமனார் வீட்டாரின் உதவியோடு கடல் கடந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். பகலிற் படிப்பு; இரவில் மருத்துவமனையொன்றில் ஏவலாள் வேலை. தாயகம் விட்ட பின்னர் அவர் மீண்டும் திரும்பவேயில்லை.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் பிஸ்க் என்னும் வேதியியலாரிடம் சுப்பாராவ் பணியில் அமர்ந்தார். குருதியிலும் சிறுநீரிலும் தசையிலும் எவ்வளவு பாஸ்பரஸ் உள்ளது என்பதை அளத்தற்கு அக்காலத்தில் எளிய முறை இல்லை. 1925-ஆம் ஆண்டில் இவ்விருவரும் ஒரு நிறமுறையை வெளியிட்டனர். பாஸ்பேட்டு உள்ள கரைசலில் மாலிப்டேட்டுச் சேர்த்து, தக்கதொரு பொருளால் ஒடுக்கினால் நீலநிறம் தோன்றும். நீலத்தின் ஆழம் பாஸ்பேட்டின் அளவைக் காட்டும். சாதாரணமாகத் தோன்றும் இம்முறை பல்லாயிரம் ஆய்வுக்கூடங்களில் வழங்கலாயிற்று. இன்றும் உயிர்வேதியியல் பயிலும் மாணவர் இதனைப் பிஸ்க்-சுப்பாராவ் முறை என்றே அறிவர்.

இம்முறையைத் தசைச் சாற்றில் செலுத்திப் பார்த்தபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. நீலம் உடனே முழுமையாக ஏறவில்லை. நேரம் செல்லச் செல்ல மெல்ல மெல்ல ஏறிற்று. பிழையென்று ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. நிலையற்ற ஏதோவொரு பாஸ்பரஸ் பொருள் சாற்றில் இருந்து, சிறுகச் சிறுகச் சிதைந்து பாஸ்பேட்டை விடுவிக்கின்றது என்று உய்த்துணர்ந்தனர். அப்பொருளே பாஸ்போகிரியேட்டின். 1927-ஆம் ஆண்டில் அதனை உலகுக்கு அறிவித்தனர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் இத்தகைய பொருளொன்றைத் தசையில் கண்டனர். 1929-ஆம் ஆண்டில் பிஸ்க்கும் சுப்பாராவும் தசையில் ஏ.டி.பி.யைக் கண்டறிந்து வெளியிட்டனர். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் தனியே அதனைக் கண்டார். நம்மவர் பெருமையைப் பேசும்பொழுது லோமனின் பெயரை மறைப்பது அறமன்று. லோமனைப் பேசும்பொழுது சுப்பாராவை மறப்பதும் அவ்வாறே. உலகப் பாடநூல்கள் பல இரண்டாவது தவற்றினை நெடுங்காலம் செய்துவந்தன.

இக்கண்டுபிடிப்பின் விளைவு பெரிது. தசையியலில் அதற்குமுன் ஆட்சி செலுத்தியது லாக்டிக் அமிலக் கொள்கை. ஆர்ச்சிபால்டு ஹில், ஓட்டோ மேயர்ஹாப் ஆகிய இருவரும் 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசினைத் தசை பற்றிய ஆய்வுக்காகப் பெற்றிருந்தனர். சர்க்கரை லாக்டிக் அமிலமாவதே தசைச் சுருக்கத்தின் நேர்க்காரணம் என்று அறிஞர் கருதிய காலம் அது. 1930-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரத்து லுண்ட்ஸ்கார்டு, லாக்டிக் அமிலம் உண்டாக முடியாதவாறு நஞ்சூட்டிய தசையும் சுருங்குவதைக் காட்டினார். அப்போது செலவானது பாஸ்போகிரியேட்டின். பழைய கொள்கை சரிந்தது. தம் கொள்கையே மாற நேர்ந்ததை ஹில் மறைக்கவில்லை. 1932-இல் அதனைத் தசையியலில் ஏற்பட்ட புரட்சி என்றே தலைப்பிட்டு எழுதினார். அறிவின் நேர்மைக்கு அது நல்லதோர் எடுத்துக்காட்டு.

இத்துணைப் பணி ஆற்றியும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து லெடர்லி ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார். அங்கு அவருடைய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். தம் உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்குரிய மருந்தும் அக்கூடத்திலிருந்து வந்தது. குழந்தைகளின் வெண்குருதிப் புற்றுநோயை எதிர்க்க சிட்னி பார்பர் கையாண்ட மருந்துகளும் அங்கே உருவானவையே. 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் சுப்பாராவ் மறைந்தார். அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே இறந்தார். மூப்பின் வேதியியலுக்கு அடிப்படையிட்ட அவர் மூப்பினைக் காணவில்லை. இந்திய அரசு 1995-ஆம் ஆண்டில் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

இதுகாறும் பாஸ்பேட்டை எரிபொருளாகக் கண்டோம். அதற்கு மற்றொரு தொழிலும் உண்டு. அதனை விளக்க நம் ஊர் ஏரி மதகை நினைவிற் கொள்வோம். ஏரியில் நீர் நிரம்பியிருத்தல் மட்டும் போதாது. எந்த வயலுக்கு எப்பொழுது எவ்வளவு பாய வேண்டும் என்று மடை திறப்பதற்கும் அடைப்பதற்கும் ஆள் வேண்டும். உயிரணுவின் மதகுகள் புரதங்கள். அவற்றின்மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றினால் புரதத்தின் மின்தன்மையும் வடிவமும் மாறும். சில மதகுகள் திறக்கும், சில அடைபடும். ஏற்றுகின்ற நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். இறக்குகின்ற நொதிக்குப் பாஸ்படேஸ் என்று பெயர். ஏற்றப்படும் பாஸ்பேட்டு எங்கிருந்து வருகின்றது? அதே ஏ.டி.பி.யிலிருந்தே. பாடநூல்களில் இதனைப் பாஸ்பரிகரணம் என்று வழங்குவர். கலைச்சொல் ஆக்கும் பணியிற் பழகிய நமக்குப் பாஸ்பேட்டு ஏற்றம் என்னும் தொடர் இன்னும் தெளிவாகப் படுகின்றது. ஏற்றம் என்றால் இறக்கமும் உண்டென்பதை அச்சொல் தானே உணர்த்துமன்றோ?

இவ்வேற்ற இறக்கத்தைத் தெளிவாக நிறுவியவர்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்த எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்சும். தசையிற் சேமித்துள்ள கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைக் குதிரைத் திறக்கும் நொதி பாஸ்பாரிலேஸ். கோரி தம்பதியர் ஆராய்ந்து புகழ்பெற்ற நொதி இது. கோரியின் முறைப்படி முயல் தசைச் சாற்றினை வடிதாளில் வடித்தபோது செயல்மிக்க வடிவம் கிடைத்தது. பொறியிற் சுழற்றித் தெளியவைத்தபோது செயலற்ற வடிவமே கிடைத்தது. காரணம் ஆராய்ந்ததில், வடிதாளில் ஒட்டியிருந்த சிறிதளவு கால்சியமே மாற்றத்தைத் தூண்டியது தெரியவந்தது. அதன்வழிச் சென்று, ஏ.டி.பி.யின் பாஸ்பேட்டு நொதியின்மீது ஏறுவதாலேயே அது விழித்தெழுகின்றது என்பதை 1955-ஆம் ஆண்டையொட்டி மெய்ப்பித்தனர். அலிபிரிப் படியேறும் தசையிலும் இதுவே நடக்கின்றது. கால் தசை சுருங்கும்போது வெளிப்படும் கால்சியம் கைனேசை எழுப்ப, கைனேஸ் பாஸ்பாரிலேசின் மடையைத் திறக்க, குதிரிலிருந்து சர்க்கரை பாய்கின்றது. அதே வேளையில், சர்க்கரையைச் சேமிக்கும் நொதியின்மீது பாஸ்பேட்டு ஏறி அதனை அடைத்துவிடுகின்றது. பிஷரும் கிரெப்சும் 1992-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். மனித உடலின் மரபுத்தொகுதியில் கைனேஸ்கள் ஐந்நூறுக்கு மேல் உள்ளன என்று 2002-ஆம் ஆண்டில் கணக்கிடப்பட்டது.

இவற்றுள் இரண்டு கைனேஸ்கள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. ஒன்று ஏ.எம்.பி.கே. எனப்படுவது. ஏ.டி.பி. குறையும் வறட்சிக் காலத்தில் இது விழிக்கும். கொழுப்பு ஆக்குதல் முதலிய கட்டுமான வேலைகளை நிறுத்தும். இருப்பதை எரித்து ஆற்றல் பெறச் செய்யும். மற்றொன்று எம்.டோர் எனப்படுவது. உணவும் இன்சுலினும் மிக்க செழிப்புக் காலத்தில் இது முனைந்து நிற்கும். புதிய புரதங்களைக் கட்ட ஆணையிடும். அறுவடை கண்ட ஆண்டில் குடியானவர் வீட்டில் புதுச்சுவர் எழும்பும்; மழை பொய்த்த ஆண்டில் பழங்கூரையைச் செப்பனிட்டு ஒழுக்கை அடைப்பர். உயிரணுவும் அத்தகையதே. செழிப்பில் கட்டும், வறட்சியில் பழுது பார்க்கும், தேய்ந்த உறுப்புகளைத் தானே செரித்து மீண்டும் பயன்படுத்தும். கட்டுவதிலேயே எப்பொழுதும் முனைந்து பழுது பார்த்தலை மறந்த வீடு விரைவில் தளரும் என்பதே மூப்பினைப் பற்றிய இன்றைய கருத்துகளுள் ஒன்று. குறைந்த உணவு உண்ட வெள்ளெலிகள் நீண்ட நாள் வாழ்ந்ததை 1935-ஆம் ஆண்டிலேயே கிளைவ் மக்கே என்னும் அமெரிக்க அறிஞர் காட்டியிருந்தார். அதன் காரணத்தை உணர இக்கைனேஸ்கள் புதிய வழி காட்டின.

எம்.டோர் கண்டறியப்பட்ட வரலாறு மற்றுமொரு கடல் கடந்தவரின் வரலாறு. 1964-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மருத்துவக் குழுவொன்று பசிபிக் மாகடலிலுள்ள ஈஸ்டர் தீவுக்குச் சென்று மண் மாதிரிகளையும் சேகரித்து வந்தது. அம்மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரி ஒன்றிலிருந்து ஒரு மருந்துப்பொருள் பிரிக்கப்பட்டு 1975-இல் வெளியிடப்பட்டது. அத்தீவின் சொந்தப் பெயர் ராப்பா நூயி. ஆதலின் மருந்துக்கு ராப்பமைசின் என்று பெயர். அதனைப் பிரித்த குழுவில் முதன்மையானவர் சுரேன் சேகல். பிரிக்கப்படாத பஞ்சாபிற் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் கற்று, இங்கிலாந்து வழியாகக் கனடா சேர்ந்தவர். மான்ட்ரியல் ஆய்வுக்கூடம் மூடப்பட்டபோது, அந்நுண்ணுயிரியை அவர் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்தார் என்பது மருத்துவ வரலாற்றில் வழங்கும் செய்தி. பல ஆண்டுகள் கழித்து ஆய்வு மீண்டும் தொடங்கிற்று. சிறுநீரகம் மாற்றிப் பொருத்தியோருக்கு உரிய மருந்தாக அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டு அது ஒப்புதல் பெற்றது. அம்மருந்து உடலில் எதனைத் தாக்குகின்றது என்று தேடியபோதே எம்.டோர் அகப்பட்டது. சேகல் 2003-இல் காலமானார்.

அவர் காணாத காட்சி 2009-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அமெரிக்காவின் மூன்று ஆய்வு நிலையங்கள் ஒரே வகையில் வளர்த்த சுண்டெலிகளுக்கு உணவோடு ராப்பமைசின் கொடுத்துப் பார்த்தன. சுண்டெலியின் வாழ்நாள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளே. இளமையிலேயே தொடங்குவதாக எண்ணிய சோதனை, மருந்தை உணவிற் கெடாமற் கலக்கும் வகை அமையத் தாமதமானதால், எலிகளின் 600-ஆம் நாளிலேதான் தொடங்கிற்று. மனித வாழ்வில் அது ஏறத்தாழ அறுபது வயதுக்கு ஒப்பாகும். ஆயினும் பயன் விளைந்தது. பத்தில் ஒன்பது எலிகள் இறந்துபடும் வயதைக் கொண்டு அளந்தபோது, பெண்ணெலிகளின் வாழ்நாள் நூற்றுக்கு 14 பங்கும், ஆணெலிகளின் வாழ்நாள் நூற்றுக்கு 9 பங்கும் நீண்டிருந்தன. முதுமையிலே தொடங்கிய மருந்தாலும் பாலூட்டியின் வாழ்நாள் நீளக்கூடும் என்பதை இவ்வாய்வு காட்டிற்று. அதே ஆண்டில் மற்றொரு சோதனையும் வெளிவந்தது. எம்.டோரின் ஆணையைப் பாஸ்பேட்டு ஏற்றத்தால் பெற்று மேற்கொண்டு நிறைவேற்றும் கைனேசு எஸ்.6.கே.1. அது பிறவியிலேயே இல்லாத சுண்டெலிகளைத் தோற்றுவித்துப் பார்த்தனர். பெண்ணெலிகள் நீண்ட நாள் வாழ்ந்தன. முதுமையிலும் இன்சுலினுக்கு நன்கு இணங்கின. ஆணெலிகளிலோ வாழ்நாள் நீட்சி காணப்படவில்லை. ஒரே மதகை அடைத்தும் ஆண், பெண் என்று பயன் வேறுபட்டது ஏன் என்பது இன்னும் ஆராயத்தக்கது.

இவ்விடத்தில் நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் நம் கடமை. பெருநகரங்களில் மூப்பைத் தள்ளிப்போடும் மருந்து என்று விளம்பரம் செய்து பணம் பறிப்போர் பெருகியுள்ளனர். ஊரை விட்டு வந்து, முதிய பெற்றோரைத் தொலைவில் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு அத்தகைய விளம்பரம் எளிதில் ஆசை காட்டும். ராப்பமைசின் உடலின் நோய் எதிர்ப்பைத் தணிப்பது. மாற்றுறுப்பை உடல் தள்ளாமல் இருக்கவே அதனைக் கொடுக்கின்றனர். வாய்ப்புண், குருதியில் கொழுப்பு மிகுதல், சர்க்கரைக் கட்டுப்பாடு குலைதல் ஆகியவை அதனால் நேரக்கூடும். கிருமிகள் இன்றிக் காக்கப்பட்ட கூண்டில் வாழும் எலிக்கு நன்மையானது, கூட்டம் நிறைந்த தெருவில் வாழும் மனிதனுக்கும் நன்மையாகும் என்று துணிதல் ஆகாது. மனிதரின் வாழ்நாளை இம்மருந்து நீட்டும் என்று நிறுவப்படவில்லை. எலியிற் கண்டது வழிகாட்டும் விளக்கேயன்றி, ஊர் வந்து சேர்ந்தமைக்குச் சான்றன்று.

எனினும் மருந்துக்கடை தேடாமலே நாம் கைக்கொள்ளத்தக்க செய்தி ஒன்று இவ்வரலாற்றில் உண்டு. உழைக்கும் தசையில் ஏ.டி.பி. செலவாகும்போது ஏ.எம்.பி.கே. தானே விழிக்கின்றது, குருதியிலுள்ள சர்க்கரையைத் தசை இழுத்துக்கொள்கின்றது. நடப்பதும் படியேறுவதும் மடைகளைத் திறந்து மூடிப் பழக்குவனவாம். மருத்துவரின் அறிவுரைப்படித் தம் வயதுக்கும் வலிமைக்கும் ஏற்ப நடப்பவர் பெறும் பயன் ஐயத்திற்கு இடமற்றது, மனிதரிடத்திலேயே மெய்ப்பிக்கப்பட்டது.

வேங்கடத்தை எல்லையென்று வரைந்தனர் நம் முன்னோர். 1953-ஆம் ஆண்டில் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. எல்லைகள் பின்னரும் மாறின. ஆனால் கோதாவரிக் கரையிற் பிறந்தவர் திருவல்லிக்கேணியிற் படித்து, பாஸ்டனில் அளந்து காட்டிய பாஸ்பேட்டு, பஞ்சாபிற் பிறந்தவர் மான்ட்ரியலில் காத்த மருந்தோடு, சுண்டெலியின் உடலில் வந்து கூடிற்று. இவர்களுள் ஒருவரும் தம் ஊரில் இருந்து இதனைச் செய்யவில்லை. வேற்றூரில் உழைப்போரின் உழைப்பு எங்கே எவர் பெயரில் எழுதப்படும் என்பது அவர்கள் கையில் இல்லை. அதனைப் பிழையின்றி எழுதி வைத்தலும், பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தலும் பின்வந்த நம் கையில் இருக்கின்றன. வீட்டிலே உயிரியல் பயிலும் சிறுவரோ சிறுமியரோ ஏ.டி.பி. என்னும் மூன்றெழுத்தைப் படிக்கும் நாளில், லோமன், பிஸ்க் என்னும் பெயர்களோடு சுப்பாராவ் என்னும் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போமாக.